கோபாலபுரக் கோட்பாடு: ஸ்டார் டிரெக் இரண்டாம் சீசன் குறித்து ஓர் ஆய்வு

1967 செப்டம்பர் 15 முதல் 1968 மார்ச் 29 வரை அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சியில் 26 எபிசோடுகளாக வந்த ஸ்டார் டிரெக் இரண்டாம் சீசனை விண்வெளி சாகசத் தொடர் என்றே உலகம் இன்றும் நம்பிக்கொண்டிருக்கிறது. அது ஒரு குடும்பச் சித்திரம் என்பதையும், அதன் மூலம் சென்னை கோபாலபுரம் என்பதையும் நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதல் சீசனில் என்டர்பிரைஸ் கப்பல் போகாத இடமில்லை, பார்க்காத ஜந்து இல்லை. அதில் நமக்கு வேலையும் இல்லை. இரண்டாம் சீசன் தொடங்கும் 'அமோக் டைம்' எபிசோடிலேயே விஷயம் வீட்டுக்குள் வந்துவிடுகிறது. வல்கன் கிரகத்து அறிவாளி ஸ்பாக், உணர்ச்சியை வெளியே காட்டாத மனுஷர், திடீரென்று சோறு தண்ணி இறங்காமல் சிடுசிடுக்கிறார். நர்ஸ் சேப்பல் ஆசையாகக் கொண்டுபோன ப்ளோமீக் சூப், கிண்ணத்தோடு பறந்து வராந்தா சுவரில் அடித்து வழிகிறது. டாக்டர் மெக்காய் சோதனை மேல் சோதனை செய்கிறார். கோபாலபுரத்து லாயிட்ஸ் சாலையில் காய் பேரம் பேசும் மாமி யாரைக் கேட்டிருந்தாலும் பையைக் கீழே வைக்காமலே சொல்லியிருப்பார்: பையனுக்குக் கல்யாணத்தைப் பண்ணி வையுங்கோ.

அதேதான். ஏழு வயதிலேயே பெரியவர்கள் நிச்சயம் செய்த பெண் ஊரில் இருக்கிறாள். போய்ச் சேராவிட்டால் உயிர் தங்காது. கேப்டன் கிர்க் மேலிடத்து உத்தரவை மீறிக் கப்பலை வல்கனுக்குத் திருப்புகிறார். பல்லக்கில் வந்திறங்கும் டிபௌ பாட்டியின் பேச்சுக்கு அங்கே மறுபேச்சு கிடையாது. பெண் டிபிரிங்கோ வேறொருவனை மனதில் வைத்துக்கொண்டு, மாப்பிள்ளையையும் மாப்பிள்ளைத் தோழனையும் மோதவிட்டு வேடிக்கை பார்க்கிறாள். ஆறு மாதம் இழுக்க வேண்டிய கதையை ஐம்பது நிமிடத்தில் முடித்துவிட்டார் என்பதுதான் எழுதிய தியடோர் ஸ்டர்ஜன் மீது நமக்குள்ள ஒரே மனக்குறை.

நமது கோட்பாட்டின் முதுகெலும்பு, நவம்பர் 17 அன்று வந்த 'ஜர்னி டு பேபல்'. கப்பலில் தூதர் சாரெக் தம்பதி வந்து இறங்குகிறார்கள். "கீழே உன் கிரகம்தானே, அப்பா அம்மாவைப் பார்த்துவிட்டு வாயேன்" என்கிறார் கிர்க். இதோ நிற்பவர்கள்தான் என் பெற்றோர் என்கிறார் ஸ்பாக். நம் ஊராக இருந்தால் அந்த இடத்தில் இடைவேளை விட்டிருப்பார்கள். அப்பாவும் பிள்ளையும் பேசி 18 வருஷம் ஆகிறது. காரணம், அப்பா காட்டிய வல்கன் அறிவியல் கழகத்தில் சேராமல் பையன் ஸ்டார்ஃப்ளீட் வேலைக்குப் போனது. அப்புறம் அப்பாவுக்கு ஆபரேஷன், பிள்ளையின் ரத்தம்தான் வேண்டும், கடமை தடுக்கிறது, அம்மா கன்னத்தில் ஓர் அறை விடுகிறார், கடைசியில் ரத்தம் ஏறுகிறது.

இதற்கு 13 ஆண்டுகள் முன்பே, 1954-ல், 'மனோகரா' வந்துவிட்டது. அரசவையில் சங்கிலியோடு மகன், சிம்மாசனத்தில் கோபத்தோடு அப்பா, நடுவில் அம்மா கண்ணாம்பா. வசனம் கலைஞர் மு.கருணாநிதி, கோபாலபுரம். அவர் கோபாலபுரம் வீட்டை 1955-ல்தான் வாங்கினார் என்று காலக்கணக்குப் பிடிவாதக்காரர்கள் கிளம்புவார்கள். ஓராண்டு என்பது ஆய்வில் சகிக்கத்தக்க பிழை. 'பேபல்' எழுதிய டி.சி.ஃபொன்டானா கோபாலபுரம் வந்தார் என்பதற்குச் சான்றில்லைதான். வரவில்லை என்பதற்கு இவ்வாய்வாளர் சான்று தேடவில்லை.

அடுத்து அரிசி. 1967 தேர்தலில் தி.மு.க. சொன்னது, ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம். அதே ஆண்டு டிசம்பர் 29 அன்று வந்தது 'தி ட்ரபிள் வித் டிரிபிள்ஸ்'. வேறொரு கிரகத்துக்குப் போக வேண்டிய தானியம் விண்வெளி நிலையக் குடோனில் இருக்கிறது. கிர்க் மேல்தட்டுக் கதவைத் திறக்கிறார். தானியத்துக்குப் பதிலாகத் தின்று கொழுத்த டிரிபிள் என்னும் ஜந்துக்கள், உருண்டை உருண்டையாக, தலையில் கொட்டிக்கொண்டே இருக்கின்றன. மார்பளவு குவியலில் அவர் நிற்கிறார். ரேஷன் கடை வரிசையில் நின்று 'சரக்கு தீர்ந்துபோச்சு' என்ற சொல்லைக் கேட்ட தமிழனுக்கு இது நகைச்சுவைக் காட்சி ஆகாது. ஆவணப்படம்.

'மிரர், மிரர்' பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. அது டபுள் ஆக்‌ஷன். கெட்ட ஸ்பாக்குக்குத் தாடி வைத்திருக்கிறார்கள், எம்.ஜி.ஆர். 1965-ல் 'எங்க வீட்டுப் பிள்ளை'யில் தாடி இல்லாமலே இதைச் செய்துகாட்டிவிட்டார். வேஷம் என்றதும் நினைவு வருகிறது: லாயிட்ஸ் சாலை இன்று தாங்கியிருக்கும் பெயர், மேடையில் அவ்வைப் பாட்டியாக நடித்த டி.கே.சண்முகத்தினுடையது. இந்த வட்டாரத்தில் சாலைக்கே வேஷப் பெயர் என்பதை ஆய்வாளர்கள் கவனிக்கவும்.

1980-களின் நடுவில் தூர்தர்ஷன் ஞாயிறு காலைகளில் ஸ்டார் டிரெக்கை ஒளிபரப்பியது. முழுக்க ஆங்கிலம். கதை புரியவில்லை என்று கோபாலபுரத்திலிருந்து புகார் போனதாகத் தகவல் இல்லை.

இரண்டாம் சீசனோடு கதையை முடித்துவிடப் போகிறார்கள் என்ற பேச்சு எழுந்ததும் ரசிகர்கள் கடிதம் கடிதமாக எழுதித் தள்ளினார்கள். 1968 மார்ச் 1 அன்று, தொடர் தொடரும் என்று ஒளிபரப்பிலேயே என்.பி.சி. அறிவித்தது. ஆனால் மூன்றாம் சீசனை வெள்ளிக்கிழமை இரவு 10 மணிக்குத் தள்ளினார்கள். குடும்பச் சித்திரத்தை வீடே படுத்த பிறகு போட்டால் என்ன ஆகுமோ அதுதான் ஆனது: 24 எபிசோடுகள், 1969 ஜூன் 3-ல் கடையைக் கட்டிவிட்டார்கள்.