வளரும் கல்லுக்கு ஒரு நியமனக் கடிதம்

தீவுகளின் அபிவிருத்திக்குப் பொறுப்பாக எங்கோ ஒரு கந்தோரில் இருக்கும் மேலதிகாரி அவர்களுக்கு,

விடயம்: நெடுந்தீவுக்கு அபிவிருத்தி உத்தியோகத்தர் நியமித்தல்

ஐயா,

படகு நேர அட்டவணை கேட்டு முன்பு இரண்டு கடிதம் எழுதியவன் நான். பதில் வராததால் அட்டவணை இல்லாமலே போய்வந்துவிட்டேன். போன இடத்தில் தங்களுக்கு உபயோகமான ஓர் ஆளைக் கண்டுபிடித்திருக்கிறேன். அதைச் சொல்லத்தான் இது.

யாழ்ப்பாணத்தில் விடியவே பஸ் ஏறினேன். பண்ணை, வேலணை, புங்குடுதீவு என்று கடலை வெட்டிக்கொண்டு போகிற ரோட்டு. புங்குடுதீவில் பெரிய பெரிய வீடுகள் ஓடு சரிந்து, முற்றத்தில் வடலி முளைத்துக் கிடக்கின்றன. சொந்தக்காரர்கள் கனடாவில் வாசல் பனியை வழித்துக்கொண்டிருப்பார்கள். குறிகட்டுவான் துறையில் நயினாதீவுக்குப் படகுக்கு மேல் படகு. அங்கே நாகபூஷணி அம்மனும் இருக்கிறா, புத்தர் பெருமானும் இருக்கிறார், சிபாரிசுக்குக் குறைவில்லை. நெடுந்தீவுப் படகு எத்தனை மணிக்கு என்று கேட்டால் எல்லோரும் கடலைப் பார்த்தார்கள். கடைசியில் வந்தது. டீசல் மணக்கும் கீழ்த்தட்டில், வெங்காய மூட்டைக்கும் காஸ் சிலிண்டருக்கும் நடுவே, ஒரு மணித்தியாலம்.

நெடுந்தீவின் மாவிலித்துறையில் கரையேறியதும் ‘பார்க்கவேண்டிய இடங்கள்’ என்று தங்கள் பலகை. 1985 மே 15இல் குமுதினிப் படகில் வெட்டிக் கொல்லப்பட்டவர்களுக்கு அந்தத் துறையடியிலேயே நினைவிடம் இருக்கிறது. பலகையில் இல்லை.

பலகையில் இருந்ததை எல்லாம் ஓட்டோ பிடித்துப் பார்த்தேன். ஒல்லாந்தர் தங்கள் ஊர்ப் பெயரையே வைத்து ‘டெல்ஃப்ட்’ என்று அழைத்த தீவல்லவா? அவர்கள் கோட்டை ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இடிந்து நிற்கிறது. கிட்டடியில் ஒரு புறாக்கூடு. தபால் கொண்டுபோன புறாக்கள் இருந்த இடமாம். அதைத் திருத்தி நாலு புறா விட்டால் என் கடிதங்களுக்கும் பதில் வர வழியுண்டு. பிறகு கல்லில் பதிந்த இராட்சதப் பாதம். ஒற்றைப் பாதம்தான். மற்றக் காலைக் கடலுக்கு அப்பால் வைத்திருப்பான். அவனும் படகைக் கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் அந்த முடிவுக்கு வந்திருப்பான். பெருக்குமரத்தின் வயிற்றில் பொந்து, உள்ளே ஆட்கள் நின்று படம் எடுக்கிறார்கள். ஒரு மேசையும் கதிரையும் போட்டால் உப கந்தோர் ரெடி.

பலகையில் இல்லாத ஒன்றைத்தான் அதிக நேரம் பார்த்தேன். வேலி. முருகைக்கல்லை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய மதில், வளவுக்கு வளவு, ஒழுங்கைக்கு ஒழுங்கை. சாந்து இல்லை, சீமெந்து இல்லை. கல்லிடுக்கால் அடுத்த வளவு ஆடு தெரிகிறது. இடுக்கு இருப்பதால் காற்று ஊடே போய்விடும், மதில் விழாது என்றார் ஒரு ஐயா. துறையடியில் சீமெந்தில் கட்டிய தங்கள் வரவேற்பு வளைவு ஏன் வெடித்தது என்று அப்போதுதான் விளங்கியது.

இனி ஆளுக்கு வருகிறேன். ஓட்டோக்காரத் தம்பி ஒரு கல்லடியில் நிறுத்தினான். வளரும் கல். யாரோ பூ வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

“உண்மையா வளருதோ தம்பி?”

“ஓம் அண்ணை. எங்கட அப்பப்பா சின்னப் பெடியனா இருக்கேக்க அவற்ற இடுப்பளவுதானாம்.”

சின்னப் பெடியனின் இடுப்பு எவ்வளவு உயரம் என்று நான் கேட்கவில்லை. புள்ளிவிபரத்தை இப்படித்தான் தயாரிக்க வேண்டும் என்பது தங்களுக்குத் தெரியாததா?

ஐயா, இந்தத் தீவில் வளர்வதாக ஊர்ச்சனம் ஒத்துக்கொள்ளும் ஒரே பொருள் அந்தக் கல். ஆகவே அதையே அபிவிருத்தி உத்தியோகத்தராக நியமிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். கஷ்டப் பிரதேசம் என்று இடமாற்றம் கேட்காது. காலைப் படகில் வந்து கையெழுத்து வைத்துவிட்டு மத்தியானப் படகுக்கு மணிக்கூடு பார்க்காது. ‘நாளைக்கு வாங்கோ’ என்று சொல்லாது. நாளைக்குப் போனாலும் அங்கேயே இருக்கும். இலஞ்சம் இரண்டு செவ்வரத்தம்பூ.

ஒரு குறை உண்டு. வறட்சி வந்தால் தீவின் வெட்டவெளியில் நிற்கும் மட்டக்குதிரைகள் தண்ணீரில்லாமல் விழுந்து சாகும். அப்போதும் கல் பேசாமல்தான் இருக்கும். அந்த விடயத்தில் அதற்குப் பயிற்சி தேவைப்படாது, முன்னிருந்தவர்களும் அப்படியே.

நியமனக் கடிதத்தைப் படகில் அனுப்புங்கள். எந்தப் படகு, எத்தனை மணி என்று எனக்கும் ஒரு வரி எழுதினால் உதவி.

இங்ஙனம்,
மாலைப் படகைத் தவறவிட்ட பயணி

பிரதி: குதிரைகளுக்கு (வாசிக்க மாட்டா. பதில் போடாதவர்களில் தாங்கள் தனித்துப் போகக்கூடாது என்பதற்காக.)