ஒரே டேக் ஆசாமி

பல்லவி முடியும்வரைகூடப் பொறுக்கமாட்டார். வலது கையைத் தூக்குவார். பாட்டை நிறுத்து என்று பொருள். நின்றதும் தொண்டையைச் செருமிக்கொண்டு அந்த வாக்கியத்தைச் சொல்வார்: "இது ஒரே டேக், தெரியுமோ?" டி.எம்.எஸ். என்றாலும் ஒரே டேக், சுசீலா என்றாலும் ஒரே டேக், எஸ்.பி.பி. என்றால் காய்ச்சலோடு ஒரே டேக். அவர் கணக்கில் கோடம்பாக்கத்தில் முப்பது வருஷம் யாருமே இரண்டாவது டேக் எடுத்ததில்லை. ஒலிப்பதிவாளர்கள் பட்டனை ஒரு தடவை அழுத்திவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். அதற்குப் பிறகு பாட வந்தவர்கள் அத்தனை பேரும் ஆட்டோ-ட்யூன். 1992-இல் வந்த 'ரோஜா'வையும் அந்தக் கணக்கில்தான் சேர்ப்பார். அந்த மென்பொருள் விற்பனைக்கு வந்ததே 1997-இல். குற்றம் நடக்கச் சாத்தியமே இல்லாத காலத்துக்கு முன்தேதியிட்டுக் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்வதில் அவருக்கு நிகர் அவரேதான்.

இந்த ஒரே டேக் என்பதைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். முதல் கேள்வி, அவருக்கு அது எப்படித் தெரியும்? இசைத்தட்டின் உறையில் படத்தின் பெயர் இருக்கும், பாடியவர் பெயர் இருக்கும், இசையமைப்பாளர் பெயர் இருக்கும். எத்தனையாவது டேக் என்று அச்சடித்து எந்தக் கம்பெனியும் தட்டு வெளியிட்டதில்லை. இரண்டாவது, அந்தக் காலத்தில் அது திறமையைக் காட்டும் விருப்பப் பாடமே அல்ல; கட்டாயப் பாடம். பாடகரும் கோரஸும் வயலின் வரிசையும் தபலாவும் ஒரே கூடத்தில் ஒரே நேரத்தில் வாசித்தாக வேண்டும். தனித்தனித் தடத்தில் பதிந்து பிறகு சேர்த்துக்கொள்ளும் வசதி இல்லை. கடைசிச் சரணத்தின் கடைசி வரியில் புல்லாங்குழல்காரருக்கு மூச்சு தடுக்கினாலும் எல்லோரும் மறுபடி முதலிலிருந்து. அதனாலேயே, சிவப்பு விளக்கு எரிவதற்கு முன்னால் ஒத்திகை, அதற்கு முன்னால் ஒத்திகை, அதற்கும் முன்னால் இசையமைப்பாளரின் உதவியாளர் ஆர்மோனியத்தை வைத்துக்கொண்டு வரிவரியாகச் சொல்லிக்கொடுத்த பாடம். பாடகர் கையில் ஒரு நோட்டு. அதில் தன் எழுத்தில் பாட்டு. எங்கே மூச்செடுப்பது, எங்கே இழுப்பது, எங்கே சிரிப்பது என்று வார்த்தைகளுக்கு மேலே தனக்கு மட்டும் புரியும் குறிகள். இவ்வளவும் முடிந்த பிறகு வரும் டேக்குக்கு எண் ஒன்று என்று சொல்லலாம், தப்பில்லை. ஆனால் அந்த ஒன்றுக்குக் கீழே எத்தனை பூஜ்யம் புதைந்திருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டுமல்லவா? அதைச் சொன்னால் அற்புதம் போய்விடும், உழைப்பு மட்டும் மிஞ்சும். நம் ஆசாமிக்கு உழைப்பு பிடிக்காது, அற்புதம்தான் வேண்டும்.

அற்புதங்களில் அவருக்கு ரொம்ப இஷ்டமானது மூச்சு. 1990-இல் வந்த 'கேளடி கண்மணி'யில் எஸ்.பி.பி. கடற்கரையில் நின்று பாடும் 'மண்ணில் இந்தக் காதல்' ஒலித்தால் கையைத் தூக்குவதோடு தன் மூச்சையும் அடக்கிக்கொள்வார், துணைக்கு. ஒலிப்பதிவில் மூச்சு கேட்காமல் இருப்பது வேறு, பாடியவர் மூச்சே விடாமல் இருப்பது வேறு என்று எடுத்துச் சொன்னால் சொன்னவரைத் துரோகியைப் போல் பார்ப்பார். அந்தப் பாட்டின் பெருமை மூச்சில் இல்லை. அத்தனை நெருக்கமாகச் சொற்கள் அடுத்தடுத்து வந்து விழும்போதும் ஒரு சொல்கூட இன்னொன்றின் மேல் ஏறாமல், ஒவ்வொன்றிலும் அந்த மனிதரின் காதல் ஈரம் காயாமல் இருக்கிறதே, அதில் இருக்கிறது. மூச்சடக்குவதுதான் பெருமை என்றால் முத்துக் குளிப்பவர்களுக்குத்தான் தேசிய விருது கொடுத்திருக்க வேண்டும்.

இயந்திரத்தின் தயவில்லாமல் பாடியவனே பாடகன் என்பது அவருடைய அடுத்த வாதம். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் அதே தராசை அவருடைய தாத்தா கையில் கொடுத்துப் பார்க்க வேண்டும். கிட்டப்பாவும் சுந்தராம்பாளும் நாடகக் கொட்டகையின் கடைசி வரிசைத் தரை டிக்கெட்வரை தொண்டையை மட்டும் நம்பிப் பாடிய காலம் ஒன்று இருந்தது. அந்தக் குரலுக்காகத்தான் 1935-இல் 'நந்தனார்' படத்தில் நடிக்க சுந்தராம்பாளுக்கு ஒரு லட்சம் ரூபாய் கொடுத்தார்கள். அன்றைக்கு ஒரு லட்சம் என்றால் என்ன என்பதை நகைக்கடைக்காரரைக் கேட்டால் சொல்வார். 1944 தீபாவளிக்கு வந்த 'ஹரிதாஸ்' சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளிகளைப் பார்த்ததும் தியாகராஜ பாகவதரின் சாரீரத்தால்தான். அந்தத் தலைமுறை ரசிகரிடம் ஏ.எம்.ராஜாவையும் பி.பி.ஸ்ரீனிவாஸையும் கொண்டுபோய் நிறுத்தியிருந்தால் என்ன சொல்லியிருப்பார்? "மைக்கை எடுத்துட்டுப் பாடச் சொல்லு, முதல் வரிசைக்காவது கேக்குதா பார்க்கலாம்" என்றிருப்பார். காதோடு பேசுவது போன்ற அந்தப் பாட்டுமுறை முழுக்க முழுக்க ஒலிவாங்கி கொடுத்த வரம். நம் ஆசாமி நெஞ்சில் கைவைத்து உருகும் ஸ்ரீனிவாஸும் இயந்திரத்தின் பிள்ளைதான். ஒவ்வொரு தலைமுறையும் தனக்கு முந்தைய இயந்திரத்தை இயற்கை என்கிறது, தனக்குப் பிந்தியதை மோசடி என்கிறது.

மைக் இருக்கும் குரலைப் பெரிதாக்குகிறது, ஆட்டோ-ட்யூன் இல்லாத சுருதியை உண்டாக்குகிறது, இரண்டும் ஒன்றா என்று ஒருவர் கேட்கலாம். நல்ல கேள்வி. ஒன்றல்ல. சுருதி நிற்காதவரை நிற்கவைத்துக் காட்டுவது ஒருவகை ஒப்பனை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் ஒப்பனைக்கு மேலே அதற்கு இன்னொரு உபயோகமும் உண்டு. 1998-இல் அமெரிக்கப் பாடகி ஷெர் 'பிலீவ்' பாட்டில் அதை ஒளித்துவைக்கவில்லை. குரலை வேண்டுமென்றே உலோகமாக்கிக் காட்டினார். டி-பெயின் என்ற பாடகர் அந்த ஒலியையே தன் கையெழுத்தாக்கிக்கொண்டார். அவருக்குப் பாடவே வராது என்றுதான் ஊரெல்லாம் பேச்சு. 2014-இல் அமெரிக்கப் பொது வானொலியில் மென்பொருள் எதுவுமில்லாமல் ஒரு கீபோர்டு துணையோடு உட்கார்ந்து பாடிக் காட்டினார். பேசியவர்கள் வாயடைத்துப் போனார்கள். கருவியைப் பிடித்திருப்பதால் மட்டுமே ஒருவருக்குக் கை ஊனம் என்று முடிவுகட்ட முடியாது.

அப்படியானால் நல்ல பாடகர் யார்? இன்னொருவரை அந்த இடத்தில் வைத்துப் பார்க்க முடியாதபடி ஒரு பாட்டைத் தன் பேருக்குப் பட்டா போட்டுக்கொள்பவர். எல்.ஆர்.ஈஸ்வரி கோரஸில் நின்று மேலே வந்தவர். சங்கதிக்கு எத்தனை, பிருகாவுக்கு எத்தனை என்று மதிப்பெண் போடும் பரீட்சையில் அவரை எங்கே வைப்பது என்று நம் ஆசாமிக்குத் தெரியவில்லை. ஆகவே அவரைப் பற்றிப் பேசுவதேயில்லை. ஆனால் ஆடி பிறந்ததும் தெருமுனையில் கூழ்ப் பானைக்குப் பக்கத்தில் கட்டும் குழாய் ஒலிபெருக்கி யாரைக் கேட்டுக்கொண்டு அவர் குரலைப் போடுகிறது? இத்தனை வருஷத்தில் எத்தனையோ பேர் அம்மன் பாட்டு பாடிவிட்டார்கள். அந்த நாற்காலி இன்னும் காலியாகவில்லை. கிளப் டான்ஸுக்கும் அம்மனுக்கும் ஒரே தொண்டை, இரண்டிலும் சந்தேகத்துக்கு இடமில்லாத நம்பிக்கை. இதை எந்த சுருதிப் பெட்டியால் அளப்பது? எம்.ஜி.ஆருக்கு ஒரு விதம், சிவாஜிக்கு ஒரு விதம் என்று கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் திரையில் யார் என்று தெரியும்படி டி.எம்.எஸ். பாடியதும் இந்தக் கணக்கில்தான் சேரும்.

முறையாகக் கர்நாடக சங்கீதம் கற்காத எஸ்.பி.பி., சங்கீதத்தையே கதையாகக் கொண்ட 'சங்கராபரணம்' படத்துக்காகத் தேசிய விருது வாங்கினார். நம் ஆசாமி இதையும் அற்புதக் கணக்கில்தான் எழுதிக்கொள்வார். கே.வி.மகாதேவனின் உதவியாளர் புகழேந்தி உட்கார்ந்து சொல்லிக்கொடுத்ததைச் சேர்த்துச் சொல்லமாட்டார். இன்றைய பாடகர்கள் தமிழைக் கொல்கிறார்கள் என்று அவர் பொருமுவதிலும் பாதி உண்மை உண்டு. காரணத்தைத்தான் தப்பாகச் சொல்கிறார். வேற்று மொழிக்காரர்கள் என்பதால் வந்த வினை என்பார். சுசீலா, ஜானகி, ஸ்ரீனிவாஸ், எஸ்.பி.பி. எல்லோருக்கும் தாய்மொழி தெலுங்கு, ஜேசுதாஸுக்கு மலையாளம், தமிழுக்கே உச்சரிப்பு இலக்கணம் என்று கொண்டாடப்படும் டி.எம்.எஸ்ஸுக்கு சௌராஷ்டிரம். அவர்கள் வாயில் ழகரம் நின்றதற்குக் காரணம், நிற்கும்வரை யாரோ எதிரே உட்கார்ந்து திருத்தினார்கள். போயிருப்பது அந்த நாற்காலி. அதாவது, அவர் புகழ வேண்டியது டேக்கை அல்ல, ஒத்திகையை.

எல்லாம் சரி, பாட்டைப் பட்டா போடுவதுதான் அளவு என்றால் கூட்டம் எங்கேயோ அங்கேதான் நல்ல பாடகரா என்று எதிர்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்திருப்பார். வயது இருபது இருக்கும். வாதத்துக்கு அவரிடம் ஒரே ஆயுதம், வியூஸ். 'மாரி 2'-இல் தனுஷும் தீயும் பாடிய 'ரவுடி பேபி' யூடியூபில் 100 கோடியைத் தாண்டியது உண்மைதான். ஆனால் அந்த 100 கோடியில் சாய் பல்லவியின் காலுக்குப் பங்கு எவ்வளவு, நடனம் அமைத்த பிரபுதேவாவுக்கு எவ்வளவு என்று பிரித்துக் கொடுக்க யாராலும் முடியாது. புகழுக்கு ஒரு பேரேடு, பாட்டுக்கு ஒரு பேரேடு. சில பேர் பெயர் இரண்டிலும் இருக்கும், பாகவதரைப் போல. இளைஞர் முதல் பேரேட்டைக் காட்டி இரண்டாவதில் வரவு வைக்கச் சொல்கிறார். ஆசாமி இரண்டாவதைக் காட்டி முதலாவதே பொய் என்கிறார். இருவரும் ஒருவரை விட்டு ஒருவர் இருக்கவும் மாட்டார்கள்.

ஆசாமியிடம் ஒரு பெரிய நல்ல குணம் உண்டு, அதைச் சொல்லாமல் விடக்கூடாது. எந்தப் பாட்டில் ஷெனாய் யார், எந்தப் படத்தில் டைட்டில் கார்டில் உதவி இசை என்று யார் பெயர் வந்தது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். வாசித்தவர் பெயரைக் காட்டக் கைப்பேசிச் செயலிகளே சோம்பேறித்தனப்படும் காலத்தில், இறந்துபோன வாத்தியக்காரர்களின் பெயர்களை நாலு பேர் முன்னால் உரக்கச் சொல்லிக்கொண்டிருப்பவர் அவர் ஒருவர்தான். அவர் இல்லாவிட்டால் அந்தப் பெயர்கள் இரண்டாம் தடவையும் செத்துப்போகும்.

ஆனால் இவ்வளவு தெரிந்தவர் கேட்க வேண்டிய இடத்தில் கேட்பதில்லை. ஆயிரக்கணக்கில் டிக்கெட் விற்றுவிட்டு, மேடையில் முன்பே பதிந்த குரலை ஓடவிட்டுப் பாடகர் உதட்டை மட்டும் அசைக்கும் கச்சேரிகள் நடக்கின்றன. அங்கே கையைத் தூக்கினால் அது நியாயமான கை. அங்கே அவரும் எழுந்து நின்று கைப்பேசி விளக்கை ஆட்டிக்கொண்டிருப்பார். வீட்டு முன்னறையில், பேருந்தில், டீக்கடையில், யாரோ தன்பாட்டுக்குக் கேட்டுக்கொண்டிருக்கும் பாட்டில்தான் அவருடைய நீதிபரிபாலனம்.

ஆகவே அவருக்கு ஒரு விண்ணப்பம். அண்ணே, பல்லவியில் பேசாதீர்கள், அதற்குத்தான் பாட்டைப் போட்டோம். சரணத்தில் வேண்டாம், நீங்கள் மெச்சும் பாடகர் அங்கேதான் உயிரைக் கொடுத்திருக்கிறார். இடையிசையிலும் வேண்டாம், உங்கள் வயலின்காரர்கள் வாசிக்கும் இடம் அது. பாட்டு முடிந்ததும் ஏதோ ஒரு சோப்புக்கு விளம்பரம் வரும். அது முடியும்வரை உங்கள் இஷ்டம்.