பட்டம் இலவசம், மண்ணுக்கு மட்டும் மனு

புரட்டாசி பிறந்தால் மதுரை திருநகர்க்காரர்களுக்குக் கலைப்பற்று பொங்கிவிடும். கொலு பொம்மை வாங்க விளாச்சேரிக்கு வண்டியைத் திருப்புவார்கள். அங்கே ஒருவர் இரண்டு பாதி அச்சில் களிமண்ணை அமுக்கி எடுத்து, ஒட்டுத் தெரியாமல் கத்தியால் சீவி, நிழலில் உலர்த்திச் சுட்டு, வர்ணம் தீட்டி வைத்திருப்பார். "மண்ணுதானப்பா, பாதி விலைக்குக் குடு." அந்த 'அப்பா' பேரன் எடுத்தவர். அதே துரை ராத்திரி ஸ்டார் ஹோட்டலில், தட்டில் மூன்று சொட்டுச் சட்னி வைத்தவரை "செஃப்" என்று அழைத்துக் கைகுலுக்குவார்.

அரசாங்கத்துக்கு மரியாதை தெரியும். சாதிச் சான்றிதழில் குயவர், குலாலர். விழா மேடையில் கைவினைக் கலைஞர். 2023 செப்டம்பர் 17 முதல் டெல்லிக் கணக்கில் விஸ்வகர்மா! 13,000 கோடி ரூபாய்த் திட்டம், 18 தொழில்கள். 18 வயதிலேயே சேரலாம். ஆனால் குடும்பம் வழிவழியாகச் செய்த தொழிலாக இருக்க வேண்டுமாம். காலேஜுக்குப் போகிற பையனை மறித்து, "தம்பி, உன் தாத்தா சக்கரம் அங்கே கிடக்கிறது" என்று கை காட்டுகிற கருணை. 1953-இல் ராஜாஜி, பாதி நாள் பள்ளிக்கூடம், மீதி நேரம் அப்பன் தொழில் என்றார். 1954-இல் காமராசர் அதைத் தூக்கி எறிந்தார். எறிந்ததைப் பொறுக்கிக் கடன் பத்திரம் ஒட்டிக் கொண்டுவந்திருக்கிறார்கள்.

குடும்பத் தொழில் நிபந்தனையை எடு, வயதை 35 ஆக்கு என்று தமிழ்நாடு கேட்டது, டெல்லி மசியவில்லை. 2025-இல் நம்மவர்கள் தனியே 25 தொழில்களுக்குத் திட்டம் போட்டார்கள். பரம்பரை கேட்கவில்லை; அந்த மட்டில் சரி. பெயர்? கலைஞர் கைவினைத் திட்டம். திட்டத்தின் நெற்றியில் தலைவர் பெயர் உண்டு. பொம்மையின் அடியில் செய்தவர் பெயர் கிடையாது.

மண்? கண்மாயில் அள்ள மனுப் போட வேண்டும். 2024-க்கு முன் கலெக்டர் வரை ஓடவேண்டியிருந்தது; இப்போது தாசில்தாரோடு முடிகிறது என்பதே சாதனை. தல்லாகுளத்தின் மேல் மாநகராட்சி அலுவலகமே உட்கார்ந்திருக்கிற ஊர் இது. கண்மாய்களை முழுசாக விழுங்கியவர்கள் மனுப் போட்டா விழுங்கினார்கள்?

1870-இல் இதே விளாச்சேரியில் பிறந்த தமிழறிஞர் சூரியநாராயண சாஸ்திரி, தானே விரும்பிப் பரிதிமாற் கலைஞர் ஆனார். அவர் ஊர்க் குயவருக்கோ, பேர் வைக்க ஊரே உரிமை கொண்டாடுகிறது. பட்டங்களை நீங்களே மாட்டிக்கொள்ளுங்கள், ஐயாமார்களே. மண்ணை விடுங்கள், சொன்ன விலையைக் கொடுங்கள், பிள்ளை என்னவாக வேண்டும் என்பதைப் பிள்ளை சொல்லட்டும்.