காப்பக மானிய நன்னூல்

அமெரிக்கக் குடும்பங்கள் இருதிணைப்படும். பிள்ளையைக் காப்பகத்தில் விடும் கட்டணத்துக்கு மாநில அரசின் உதவி பெறத் தகுந்தவை உயர்திணை, தகாதவை அஃறிணை. இவ்வளவில் பாடம் முடிந்ததென்று மகிழ்வோர் மாணாக்கர். விண்ணப்பம் போட்டுப் பார்த்தவரே ஆசிரியர்.

முதல்நூல், 1990-இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் இயற்றிய குழந்தைப் பராமரிப்பு மானியச் சட்டம். 2014-இல் அது திருத்தப்பட்டது. மாநிலங்களின் விதிகள் வழிநூல்கள், விண்ணப்பப் படிவம் சார்புநூல். இவற்றுக்கு முன்பே, 1971-இல், இதைவிட விரிந்த நூலொன்று காங்கிரஸில் அரங்கேறியது. குடும்ப அமைப்புக்கு ஆகாது என்று அதிபர் நிக்சன் அதை வீட்டோவால் தடுத்துவிட்டார்.

குழந்தை என்பது பதின்மூன்று வயது நிரம்பாதது. தன்னைத் தானே பேணிக்கொள்ள இயலாத பிள்ளைக்கு மட்டும், மாநிலம் மனம் வைத்தால், வயது பத்தொன்பதை நெருங்கும்வரை நீளும். பெற்றோர் வேலையிலோ படிப்பிலோ பயிற்சியிலோ இருத்தல் வேண்டும். வேலை பார்ப்பவர் வினைமுற்று. வேலை இழந்து தேடுபவர் வினையெச்சம். எச்சத்துக்கு முற்றுத் தேடிக்கொள்ளக் குறைந்தது மூன்று மாதம் தரவேண்டும் என்கிறது சட்டம். கவிதைக்கு இவ்வளவு அவகாசம் எந்தப் பத்திரிகையும் தந்ததில்லை.

பணம் பெற்றுக்கொண்டு பிள்ளை பார்க்க உறவினருக்கும் இடமுண்டு. பாட்டி, கொள்ளுப்பாட்டி, அத்தை, மாமா எல்லாரும் ஆகலாம், பதினெட்டு வயது நிரம்பியிருந்தால். உடன்பிறந்த அக்காளும் ஆவாள், ஆனால் அவள் வேறு வீட்டில் குடியிருக்க வேண்டும். ஒரே வீட்டில் இருந்துகொண்டு தம்பியைப் பார்த்துக்கொள்ளும் அக்காளைச் சட்டம் எந்த வகையிலும் சேர்க்கவில்லை. அவள் இலவச இணைப்பு.

இனி வருமான இயல். மாநிலத்தின் இடைநிலைக் குடும்ப வருமானத்தில் 85 சதவீதம் கூட்டரசு வகுத்த உச்சம். நுழைவு வரம்பை அதற்கும் கீழே இறக்கிக்கொள்வது மாநிலங்களின் உரிமை, பல மாநிலங்கள் அதைத் தாராளமாகவே பயன்படுத்துகின்றன. உள்ளே வந்தவருக்குப் பன்னிரண்டு மாதம் தகுதி நிற்கும்; நடுவில் சிறிது சம்பளம் ஏறினால் விரட்டக் கூடாது. ஆனால் உச்சத்தைத் தாண்டிவிட்டால் போச்சு. பல மாநிலங்களில் கைக்குழந்தையின் ஓராண்டுக் காப்பகச் செலவு, அரசுப் பல்கலைக்கழகத்தின் ஓராண்டுக் கல்விக் கட்டணத்தைவிட அதிகம். சம்பள உயர்வில் வந்தது சில நூறு, மானியத்தில் போவது பல்லாயிரம். ஆகவே பதவி உயர்வு என்றதும் முகம் வாடும் ஒரு தனி வகை உழைப்பாளர் உண்டு. பொருளியல் நூல்கள் இவரை முறையாக வகைப்படுத்தவில்லை என்பது என் குறை. தன் சொத்து பத்து லட்சம் டாலரைத் தாண்டவில்லை என்றும் ஒவ்வொரு குடும்பமும் உறுதி தரவேண்டும். படிவத்திலேயே தயக்கமின்றிக் கையெழுத்து விழும் இடம் அதுதான்.

தகுதி உண்டு, உதவி இல்லை என்னும் குடும்பம் விரவுத்திணை. உணவு மானியத்துக்குத் தகுதி இருந்தால் உதவி கிடைத்தாக வேண்டும். இந்த மானியம் அப்படியன்று. ஒதுக்கிய தொகை தீர்ந்ததும் மாநிலம் காத்திருப்போர் பட்டியலைத் திறக்கலாம், புது விண்ணப்பத்தை மூடியும் விடலாம். கூட்டரசு வரம்புப்படி தகுதியுள்ள பிள்ளைகளில் பெரும்பாலோர் இத்திணையில்தான் இருக்கிறார்கள். விதிகளை எவ்வளவு நுணுகி எழுதினாலும், கடைசியில் திணை வகுப்பது கஜானாதான்.

புறனடை இரண்டு. இரண்டாம் உலகப் போரின்போது, தாய்மார் தொழிற்சாலைக்குத் தேவைப்பட்டதால், லான்ஹம் சட்டத்தின் பணத்தில் நடந்த காப்பகங்கள் வருமானம் கேட்காமல் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டன. போர் முடிந்ததும் நிதி நின்றது. மற்றொன்று நியூ மெக்சிகோ. எண்ணெய், எரிவாயு வருவாயில் திரண்ட நிதியை நம்பி, 2025 நவம்பர் 1 முதல் அந்த மாநிலம் வருமான வரம்பை எடுத்துவிட்டது. மற்ற மாநிலத்தவர் சம்பளச் சீட்டுகளைப் பத்திரமாக வைத்திருக்கவும்.