வேதாளமும் நிலாம் பாரமும்

மந்திரக் கதை படித்தால் பிள்ளை கெட்டுப்போவான் என்று மனதார நம்பிய பெரியவர்களிடம் வளர்ந்தவன் நான். அந்தப் பாக்கியம் என் பேரனுக்கு இல்லை.

ஜாசின் பக்கத்துக் கித்தாத் தோட்டம். எங்கள் லயம் முழுவதற்கும் ஒரே ஒரு ‘பெரிய எழுத்து விக்கிரமாதித்தன் கதை’. மதராஸ் அச்சு. அட்டையும் முன்பக்கங்களும் என்றோ போய்விட்டதால் கதை பாதி வாக்கியத்தில்தான் ஆரம்பிக்கும். எழுத்து பெரிசாக இருந்தது மண்ணெண்ணெய் விளக்குக்கும் மங்கிய கண்ணுக்கும் தோது. ராத்திரி அஞ்சடியில் ஒருவர் ராகம் போட்டு வாசிப்பார். மற்றவர்கள் வெற்றிலை மென்றபடி கேட்பார்கள். பிள்ளைகள் கிட்டே வரக்கூடாது. “போய் வாய்ப்பாட்டைப் படிடா. மந்திரக் கதையா உனக்குச் சோறு போடப் போவுது?” என்று விரட்டிவிட்டு, அப்பா தூணில் சாய்ந்து வசதியாக உட்கார்ந்துகொள்வார், கதை கேட்க.

அவர் கள்ளுக்கடைக்குப் போகும் சாயங்காலங்கள்தான் எங்களுடையவை. போஜராஜன் சிம்மாசனத்தில் ஏறக் காலைத் தூக்குவான். பதுமை தடுத்துக் கதை சொல்லும். 32 படி, 32 பதுமை. அவன் கடைசிவரை ஏறாமல் இருந்தால் தேவலை என்று நினைப்போம். தொல்லை கொடுத்தது வேதாளம்தான். அது தொங்குவது முருங்கை மரத்தில். எங்கள் லயத்திலோ வீட்டுக்கு வீடு கொல்லையில் முருங்கை. கக்கூசும் அந்தப் பக்கம். ராத்திரி அவசரம் வந்தால் அண்ணனை எழுப்ப வேண்டும். துணைக்கு வர அவன் கேட்கும் கூலி, மறுநாள் பசியாற வைக்கும் ரொட்டியில் பாதி.

எதிரே லேடாங் மலை, 1,276 மீட்டர். மலாய்க்காரப் பிள்ளைகளிடம் அந்த மலைக்கு வேறு கதை இருந்தது. மலாக்கா சுல்தான் பெண் கேட்டு ஆள் அனுப்ப, மலையிலிருந்த இளவரசி சீர் கேட்டாளாம்: தங்கப் பாலம், வெள்ளிப் பாலம், ஏழு தட்டு நிறையக் கொசு இதயம். சுல்தான் எங்கள் லயத்துக்கு ஆள் அனுப்பியிருந்தால் எழுபது தட்டு தேறியிருக்கும்.

விக்கிரமாதித்தனின் ஆயுளை மந்திரி பட்டி இரட்டிப்பாக்கிய சூத்திரம் காடாறு மாதம், நாடாறு மாதம். எங்கள் சனத்துக்கு வருசம் பன்னிரண்டு மாதமும் காடுதான். நாடு எது என்பது, 1957-க்குப் பிறகும் சிவப்பு அடையாள அட்டையோடு இருந்தவர்களுக்குத் தெளிவாகவே இல்லை.

பிறகு கித்தா போய்ச் செம்பனை வந்தது, லயம் காலியானது, நாங்கள் தெங்கேராவுக்கு வந்தோம். பேரன் நாலாம் ஆண்டு படிக்கிறான். “எந்நேரமும் போன்தான்பா இவன். ஏதாவது மந்திரக் கதையாச்சும் படிக்கச் சொல்லுங்க” என்றாள் மகள். வழவழத் தாளில், கலர் படம் போட்டு, அட்டையோடும் முதல் பக்கத்தோடும் ஒரு விக்கிரமாதித்தன் வாங்கி வந்தேன். அதை அவன் கையில் திணிக்க நான் பட்ட பாடு, அதை எங்களிடமிருந்து மறைக்க அப்பா பட்ட பாட்டைவிடப் பெரிது. அவன் போன் விளையாட்டிலும் பதுமைகள் இருக்கின்றன. படிக்குப் படி நிறுத்தி விளம்பரம் காட்டும். அதற்கு மட்டும் பொறுமையாக இருப்பான்.

ஆனால் ஒருநாள் விழுந்தான். ரம்பை, ஊர்வசி நடனப் போட்டிக்குத் தீர்ப்புச் சொல்ல, விக்கிரமாதித்தன் பூச்செண்டுக்குள் தேளை வைத்துக் கொடுக்கும் இடம். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். பக்கத்தைத் திருப்பி மறுபடி அதையே படித்தான். “ரியலா தாத்தா, இந்த ராஜா?”

“இங்கே பள்ளிவாசலுக்குப் போனா ஒரு ராஜா சமாதி இருக்குடா. 1819-ல ராஃபிள்ஸ் நீட்டின காகிதத்துல கையெழுத்துப் போட்டு, சிங்கப்பூர்ல கம்பெனிக்கு இடம் கொடுத்த சுல்தான் ஹுசேன் ஷா. அது ரியல்.”

அவனுக்கு அது ருசிக்கவில்லை. வேதாளத்துக்குத் திரும்பிவிட்டான். எனக்கு உள்ளூரச் சந்தோஷம், அதைக் கெடுக்கவென்றே வந்தது அடுத்த கேள்வி: “இதை நிலாம்ல போடலாமா?”

படித்த புத்தகத்தையெல்லாம் பள்ளிப் பிள்ளைகள் பதிந்துவைக்கும் திட்டம் அது. தலைப்பு எழுதினான். பக்கம் எண்ணினான். ஆசிரியர்?

“ஆசிரியர் கிடையாதுப்பா. ஊரே சொன்ன கதை.”

“காலியா விடக்கூடாது தாத்தா.”

அட்டையைத் திருப்பிப் பார்த்து, படம் வரைந்தவர் பெயரைப் போட்டான். கடைசியாக, கதையில் கற்ற நற்பண்பு. யோசிக்கவே இல்லை: ‘எப்போதும் உண்மையே பேச வேண்டும்’.

“டேய், அந்த ராஜா விடையை உள்ளபடி சொல்லிச் சொல்லித்தானேடா வேதாளம் ஒவ்வொரு தடவையும் மரத்துக்கு ஓடுது? வாயை மூடிக்கிட்டுத் தூக்கிட்டுப் போற அன்னிக்குத்தானே கதையே முடியுது?”

“தெரியும் தாத்தா,” என்றான். “ஆனா அதை எழுதினா டீச்சர் திருப்பி எழுதச் சொல்லுவாங்க.”