ரெண்டு மூலைக்கு ஆசைப்பட்ட மாப்ளைக்கு

வாய்யா மாப்ள, உக்காரு. பத்தடிக்குப் பன்னெண்டடி ரூமுக்குள்ள கிளிப்ஷ்ஹார்ன் ஸ்பீக்கர் ரெண்டை இறக்கிட்டியாமே? பொட்டி உள்ள போனதுலேருந்து உங்கம்மா தாவாரத்துல படுக்குறான்னு விழிதியூரே பேசிக்குது. பாரீஸ் சம்பளம், யாரு கேக்குறது? மைக்செட் கட்டியே தலை நரைச்ச மாமன் ஒருத்தன் இருக்கான்னு, காது கும்முனு அடைச்சப்புறம்தானே உனக்கு ஞாபகம் வருது. சரி, வந்தவரைக்கும் லாபம்.

நீ என்ன வாங்கியிருக்கேன்னு முதல்ல தெரிஞ்சுக்க. பால் கிளிப்ஷ்னு ஒரு அமெரிக்காக்காரர். ஆர்கன்சாஸ்ல ஹோப்புங்கற சின்ன ஊருல 1946-ல இதைச் செஞ்சு விக்க ஆரம்பிச்சார். நாங்க பனைமரத்துல கட்டுற குழாய் இருக்கே, அது பேச்சை நாலு வயலு தாண்டியும் கொண்டு போவும். ஆனா தவிலோட வலந்தலைதான் கேக்கும், தொப்பியை முழுங்கிடும். கீழ்ச்சுரம் வேணும்னா குழாய் நீளணும், வாய் அகலணும். நாயனக்காரர் ராஜரத்தினம் பிள்ளை குட்டையான திமிரியை விட்டுட்டு நீளமான பாரி நாயனத்துக்குப் போனாரே, சுருதி இறங்குச்சா இல்லையா? 40 ஹெர்ட்ஸுக்கு ஒரு அலையோட நீளமே எட்டரை மீட்டர். அதுக்கேத்த வாயோட குழாய் செஞ்சா உன் வாசக்காலுக்குள்ள நுழையாது. அதனால அந்த மனுஷன் குழாயைப் பொட்டிக்குள்ள மடிச்சு வச்சுட்டு, மிச்ச வாய்க்கு வீட்டுச் செவுரு ரெண்டையும் புடிச்சுக்கிட்டார். ஆக, நீ காசு குடுத்து வாங்குனது பாதி ஸ்பீக்கர்தான் மாப்ள. மீதிப் பாதி உங்க கொத்தனார் கட்டுனது. அவர் கட்டுன லட்சணம்தான் ஊருக்கே தெரியுமே.

ஒரு மூலையில கதவு. கதவு தொறந்திருந்தா ஸ்பீக்கருக்கு அங்க பாதி வாய் கிடையாது. இன்னொரு மூலையை ஒட்டி ஸ்டீல் பீரோ. பேஸ் வந்தா பாட்டுக்கு முந்தி அதுதான் ஆடும். தரையோரம் ஸ்கர்ட்டிங் டைல்ஸ் முக்கால் இஞ்சி துருத்திக்கிட்டு நிக்குது. பொட்டி செவுத்தை ஒட்டாம அந்தச் சந்து வழியா பேஸ் ஒழுவுது. கதவுக்கு ஒட்டுற ரப்பர் பட்டையை வாங்கிப் பொட்டி ஓரத்துல ஒட்டி, செவுத்தோட அழுத்தி வை. கடக்கரைக்குப் பக்கத்து ஊரு, செவுத்துல ஓதம் வேற ஏறும். மாசம் ஒருக்கா பொட்டியை நவுத்திக் கரையான் வந்திருக்கான்னு பாரு. நவுத்த என்னைக் கூப்பிடாதே, எனக்கு இடுப்பு வலி.

வாஸ்துக்காரர் வந்தாராமே! கனத்தைக் கன்னி மூலையில வைக்கச் சொன்னாராம். நல்லது, ஒரு பொட்டிக்கு இடம் கெடச்சிடுச்சு. இன்னொண்ணு அதே செவுத்தோட அடுத்த முனைக்குப் போவணும். அங்கதானே அந்தக் கதவு நிக்குது.

கும்முனு அடைக்குதுன்னியே, அது பொட்டி குத்தமில்ல. பத்தடி அகலத்துக்கு 56 ஹெர்ட்ஸ் கிட்ட ரூமே சேந்து பாடும். மச்சும் பத்தடி உயரம், அதுவும் அதே சுரத்தைப் பாடும். பன்னெண்டடி நீளத்துக்கு 47. மூலையில வச்சா இது அத்தனையும் மொத்தமா எழும்பும். பேஸ் கிடார்ல ஒரு சுரம் ஊரை எழுப்புதும், அடுத்த சுரம் காணாமப் போவுதும் அதனாலதான். நீயோ பின்செவுத்துல முதுகைச் சாச்சுக்கிட்டு உக்காந்திருக்கே. எல்லாம் வந்து குமியுற இடமே அதுதான். முன்செவுத்துலேருந்து எட்டடியில நாக்காலியைப் போடு. நட்ட நடுவுல போடாதே, அங்க அந்த 47 காணாமப் போயிடும். பொட்டி ரெண்டும் மூலையிலேருந்து குறுக்கப் பாக்குறதால அஞ்சடியில அதுங்க பார்வை வெட்டிக்கும். அதுக்குக் கொஞ்சம் பின்னாடி உக்காருறதுதான் சரி. பின் மூலைங்கள்ல பழைய பஞ்சு மெத்தையைச் சுருட்டி நிறுத்து. கும்மலு போவாது, கூச்சலு கொறையும்.

நூறு வாட் ஆம்ப் எதுக்குடா? ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டர்ல 105 டெசிபல்னு கம்பெனிக்காரனே சொல்றான். குடியிருப்புப் பகுதிக்கு ராத்திரி 45-தான்னு 2000-ல சர்க்கார் விதியே போட்டிருக்கு. என் குழாயைப் பத்து மணிக்கு நிறுத்தச் சொல்ற போலீஸு உன் வீட்டுக்கும் வரும்.

இதெல்லாம் வேண்டாம்னா இன்னொரு வழி இருக்கு. கிளிப்ஷ் இதைக் கொண்டாந்தப்ப வீட்டுல ஸ்டீரியோ கிடையாது. ஸ்டீரியோ ரெக்கார்டு கடைக்கு வந்ததே 1950-கள் கடைசியிலதான். ஒரு வீட்டுக்கு ஒரு மூலை, ஒரு பொட்டி, அவ்வளவுதான். நீ ராப்பகலாப் போட்டுக் கேக்குறது என்ன? பிள்ளைவாளோட தோடி. அது ஸ்டீரியோவா? ஒத்தைப் பொட்டிக்குன்னே பதிஞ்சது. ஒண்ணைக் கன்னி மூலையில நிறுத்து. வாஸ்துவும் சரி, அம்மாவுக்குப் படுக்க இடமும் ஆச்சு.

அப்ப மத்ததா? எங்க கூடம் இருபதடி நீளம், ஒன்றரைச் செங்கல் செவுரு, மூலையில கதவு கெடையாது, பீரோ கெடையாது. நாளைக்குக் காலையில வண்டி அனுப்புறேன், ஏத்தி விடு. பணத்தைச் சம்பா அறுப்பு முடிஞ்சதும் வாங்கிக்க.