புள்ளி புராணம்

உலகம் தோன்றியது 1969-ல், நியூ ஜெர்சியில், பெல் லேப்ஸ் என்ற டெலிபோன் கம்பெனி ஆய்வுக்கூடத்தில். அதற்கு முன் நடந்ததெல்லாம் அங்கே பிறந்த யூனிக்ஸ் இயங்குதளத்தின் பக்தர்களுக்குக் கற்காலம்.

கோப்புகளை டைரக்டரிக்குள் டைரக்டரியாக அடுக்க ஆரம்பித்தபோது, ஒவ்வொன்றுக்குள்ளும் இரண்டு பேரைக் குடிவைத்தார்கள். ஒற்றைப் புள்ளி என்றால் ‘இதே இடம்’, இரட்டைப் புள்ளி என்றால் ‘ஒரு படி மேலே’. கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் கமாண்டைப் போட்டால் இரண்டும் முதல் ஆளாக வந்து பல்லைக் காட்டின. யூனிக்ஸை உருவாக்கிய கென் தாம்சனோ டென்னிஸ் ரிட்சியோ, யாரோ ஒரு மகானுபாவர், பெயரின் முதல் எழுத்து புள்ளியாக இருந்தால் தாண்டிப் போ என்று எழுதிவிட்டார். முழுப் பெயரையும் ஒப்பிட்டுப் பார்க்கச் சோம்பல். 2012-ல், பெல் லேப்ஸில் வேலை பார்த்திருந்த ராப் பைக் இந்தக் கதையைப் போட்டு உடைத்தார். மறைகோப்பு என்ற வம்சமே அந்தச் சோம்பலுக்குப் பிறந்ததுதானாம்!

புள்ளியின் அடுத்த அவதாரம் டாக்கரில். 2013 மார்ச்சில் சான்டா கிளாராவில் பைகான் மாநாடு. நிரலை அதற்கு வேண்டிய சாமான்களோடு ஒரே பெட்டியில் கட்டி ஓட்டும் டாக்கரை, சாலமன் ஹைக்ஸ் ஐந்து நிமிடத்தில் காட்டிவிட்டு இறங்கினார். அப்போது அவருடைய கம்பெனியின் பெயர் டாட்கிளவுட். அதே வருடம் அக்டோபரில் அதை டாக்கர் என்று மாற்றினார்கள். போர்டிலிருந்து கழற்றிய டாட்டை வீணாக்குவானேன் என்று, பெட்டியைக் கட்டும் ‘டாக்கர் பில்ட்’ கமாண்டின் கடைசியில் நம் தலையில் கட்டிவிட்டார்கள். (ஆதாரம் கேட்காதீர்கள். இது புராணம்.)

வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த பையன் ‘டாக்கர் பில்ட் -டி கடை’ என்று அடித்து என்டரைத் தட்டுகிறான். ‘சரியாக 1 ஆர்கியுமென்ட் வேண்டும்’ என்கிறது டாக்கர். ‘கடை’தான் இருக்கிறதே? அது பெட்டிக்குப் பெயர் வைக்க மைனஸ் டி கூட்டிவந்த ஆள், கணக்கில் வராது. எந்த டைரக்டரியிலிருந்து கோப்புகளை எடுப்பது என்பதுதான் கேள்வி. ‘இங்கிருந்துதான் சாமி’ என்று சொல்ல, ஒரு இடைவெளி விட்டு ஒரு புள்ளி. மைனஸ் எஃப் போட்டு, செய்முறை எழுதிய டாக்கர்ஃபைலையே கையில் கொடுத்தாலும் புள்ளியில்லாமல் காரியம் ஆகாது.

சொல்லித்தருகிறவர்களின் கைங்கரியம் வேறு. கமாண்டை வாக்கியத்தின் கடைசியில் எழுதுவார்கள். படிக்கிறவன் அதை முற்றுப்புள்ளி என்று நினைத்து, பவ்யமாக விட்டுவிட்டு காப்பி அடிப்பான். வேர்டிலிருந்து ஒட்டினால் மைனஸ் டியின் சின்னக் கோடு நீளக் கோடாகியிருக்கும். டாக்கர் அதையும் ஒரு ஆர்கியுமென்டாக எண்ணிக்கொண்டு, புள்ளி வைத்தவனையும் அதே வாயால் திட்டும்.

புள்ளி வைத்துத் தப்பித்தவனும் அந்தக் காலத்தில் நிம்மதியாக இல்லை. ஹோம் டைரக்டரியில் நின்றுகொண்டு வைத்தால், ஒரு தேங்காய் கேட்டவனுக்குத் தோப்பையே லாரியில் ஏற்றியது போல, சினிமாப் படம் முதல் கல்யாண போட்டோ வரை மூட்டை கட்டி, பின்னணியில் வேலை செய்யும் டீமனுக்கு அனுப்பும். திரையில் ஜிபி கணக்கு ஏறிக்கொண்டே போகும். பையன் டீ குடிக்கப் போய்விடுவான்.

2023-ல் வந்த டாக்கர் 23.0 பதிப்பில் பில்ட்கிட் என்ற கட்டும் இயந்திரம் இயல்பான முறையாகி, கேட்ட கோப்பை மட்டும் அனுப்பும் புத்தி வந்தது. புள்ளியை மறந்தால் இப்போது ‘டாக்கர் பில்ட்எக்ஸ் பில்டுக்கு 1 ஆர்கியுமென்ட் வேண்டும்’ என்கிறது. பட்டம் கூடியிருக்கிறது, வசவு அதேதான்.